சமையலறையில் நின்ற லாரி

பதினேழாம் எண் லாரி புள்ளியம்மாவின் வீட்டுச் சமையலறையில் நின்றிருந்தது.

கணினித் திரையில்தான். இருந்தாலும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். வரைபடத்தைப் பெரிதாக்கினாள். புறவழிச்சாலை வந்தது. அதிலிருந்து பிரியும் தெரு வந்தது. தெருக்கோடியில், மூடி உடைந்த நீலத் தண்ணீர்த் தொட்டியோடு ஒரு வீடு வந்தது. அந்த மூடியை மாற்றச் சொல்லி அப்பாவை மாதக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருப்பவள் அவள்தான். சந்தேகமே இல்லை. பத்துச் சக்கர லாரி ஒன்று, அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

நேற்று மதியம். அந்த நேரத்தில் அவள் அலுவலகத்தில் இருந்தாள். வீட்டில் அப்பா மட்டும்தான்.

ஆராய்ச்சி நிலையத்தில் அவளை எல்லோரும் புள்ளியம்மா என்றே கூப்பிடுவார்கள். அவள் வேலை அப்படி. எல்லை தாண்டிச் சரக்கு ஏற்றிப்போகும் லாரிகளில் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள். தான் இருக்கும் இடத்தை அது சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கும். திரையில் ஒவ்வொரு லாரியும் ஒரு புள்ளி. புள்ளிகள் எங்கே ஓடுகின்றன, எங்கே நிற்கின்றன, எல்லையில் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். எந்தப் புள்ளி எந்த ஓட்டுநர் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் மாட்டேன், புள்ளிகளைப் பற்றி வெளியே மூச்சு விடவும் மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள்.

இதற்கு முன்னால் பேருந்துப் பயணிகளை வைத்து அவள் தொடங்கிய ஆராய்ச்சி, ஒருவர்கூட ஒத்துழைக்காமல் முளையிலேயே கருகிப்போனது. லாரிக்காரர்கள் அதைவிட மோசம், நாலு பேர் சம்மதித்தாலே அதிசயம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவள் எல்லைக்குப் போய், லாரிகள் நிற்கும் மைதானத்தில் ஒரு முக்காலி மேல் ஏறி நின்று அரை மணி நேரம் பேசினாள். கொண்டுபோன நாற்பது பெட்டிகளும் தீர்ந்துவிட்டன. அதிலிருந்து, புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு ‘மக்களிடம் பேசுவது எப்படி’ என்று வகுப்பெடுப்பதும் அவள்தான்.

இவ்வளவு நாளும் எல்லையை ஒட்டிய பகுதியை மட்டும்தான் பார்த்தார்கள். “லாரியெல்லாம் எல்லைக்கே லேட்டாத்தானே வருது. அது ஏன்? வர்ற வழியையும் கொஞ்சம் பாருங்க” என்று நிலையத்தின் தலைவர் சொன்னதால்தான் இன்று வரைபடம் ஊர்ப்பக்கம் நீண்டது. நீண்ட வேகத்தில் அவள் வீட்டுக்குள்ளேயே போய்விட்டது.

பக்கத்து மேசை மேப்காரரைக் கூப்பிட்டாள். வரைபடங்கள் அவர் பொறுப்பு. எதற்கும் பதறாத மனிதர்.

“சார், இந்தப் புள்ளி ஒரு வீட்டுக்குள்ள நிக்குது.”

“செயற்கைக்கோள் அவ்வளவு மேலேர்ந்து பாக்குதும்மா. முன்ன பின்னத்தான் இருக்கும். வீட்டுக்குப் பின்னால காலி மனை இருக்கு பாருங்க, லாரி அங்க நின்னிருக்கும்.”

“அங்க எதுக்கு நிக்கணும்?”

“யார் வீடோ, என்ன வேலையோ. நமக்கெதுக்கு?”

“அதானே” என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அவர் போனதும், ‘இந்த இடத்தில் வேறு எந்த லாரியாவது நின்றதா’ என்று கணினியிடம் கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம். ஒன்று, இரண்டு என்று புள்ளிகள் வந்து விழ ஆரம்பித்து, சமையலறை நிரம்பி, கூடத்துக்குப் பரவி, அவள் படுக்கும் அறை வரை வழிந்தன. நாற்பது லாரியும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அவள் வீட்டுக்கு வந்து போயிருக்கின்றன. நாளுக்கு ஆறோ ஏழோ. அவள் இல்லாத நேரம் பார்த்து.

அவள் திரையைச் சட்டென்று மூடினாள். காரணம் இருந்தது. அப்பா ஓய்வு பெறும் வரை எல்லைச் சாவடியில் தடுப்புக் கட்டையை ஏற்றி இறக்கியவர். கைகாட்டினால் லாரி நிற்கும், கட்டையைத் தூக்கினால் லாரி நாடு மாறும். அப்படிப்பட்டவர் வீட்டுக்குப் பின்னால், எல்லையைத் தாண்டும் முன் நாற்பது லாரியும் வந்து நிற்கின்றன என்றால், கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பெற்ற மகளே அதைத்தான் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே வீட்டுக்கு போன் போட்டாள்.

“அப்பா, என்ன பண்றீங்க?”

“படுத்திருக்கேன் பாப்பா.”

பின்னால் ஏதோ பெரிய பாத்திரத்தில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

“அது என்ன சத்தம்?”

“ஃபேன்.”

“நம்ம ஃபேன் அப்படிச் சத்தம் போடாதேப்பா.”

“வயசாகுதுல்ல” என்றார். ஃபேனைச் சொல்கிறாரா, தன்னைச் சொல்கிறாரா என்று புரிவதற்குள் வைத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய், தற்செயலாக வருவதுபோல் சமையலறைக்குள் வந்தாள். லாரி நின்ற தடயம் எதுவும் இல்லை. மூலையில் ஒரு மூட்டை வெங்காயம் இருந்தது.

“இவ்வளவு வெங்காயம் எதுக்குப்பா?”

“உடம்புக்கு நல்லது.”

“நம்ம ரெண்டு பேர் உடம்புக்கா?”

“தினமும் கொஞ்சமாத்தானே சாப்பிடப் போறோம்” என்று சொல்லிவிட்டு அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அம்மா போனதிலிருந்து அப்பா பேச்சு இவ்வளவுதான். நேராகக் கேட்டுவிட அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் புள்ளி சொன்னதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டாயிற்று. தவிர, கேட்டால் பதில் வந்துவிடுமோ என்றும் பயமாக இருந்தது.

மறுநாள் அவள் ஒரு காரியம் செய்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத காரியம். முன்ன பின்ன இருக்கும் என்று மேப்காரரே சொல்லிவிட்டாரே, அந்தப் பிழையைத் திருத்துகிறேன் பேர்வழி என்று, தன் வீட்டில் நின்ற புள்ளிகளை எல்லாம் மொத்தமாகப் பிடித்துத் தெருவுக்கு அந்தப் பக்கம் தள்ளிவைத்தாள். அவசரத்தில், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யோசிக்கத் தவறிவிட்டாள்.

தலைவர் பார்த்தார். அவருக்கு எதையும் திரையில் விரல் வைத்துத் தொட்டுப் பார்த்தால்தான் மனசு ஆறும்.

“இது என்ன கட்டடம்?”

புள்ளியம்மா எட்டிப் பார்த்தாள். “மகப்பேறு மருத்துவமனை சார்.”

“நாப்பது லாரியும் வாராவாரம் இங்கதான் நிக்குது.”

“ஆமா சார்.”

“நாப்பது டிரைவருக்கும் ஒரே சமயத்துல குழந்தை பொறக்குதா?”

“வாராவாரமா சார்?” என்றார் மேப்காரர், நிதானமாக.

தலைவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் இளகியது. “ரத்த தானம்” என்றார் மெதுவாக. “வேற என்னவா இருக்க முடியும்? எல்லையில நின்னு லேட்டாகுதுன்னு நாம நெனைச்சோம். அவங்க பிள்ளைத்தாச்சிங்களுக்கு ரத்தம் குடுத்துட்டு வர்றாங்க. லாரிக்காரங்களைப் பத்தி நாம என்னென்ன பேசியிருக்கோம்.” கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு நானே போய் அந்த டாக்டரம்மாவைப் பாத்துட்டு வரேன்.”

டாக்டரம்மாவைப் பார்த்தால், சன்னல் வழியே எதிர்ச் சாரியில் நிற்கும் லாரிகளையும் பார்ப்பார். புள்ளியம்மா அவர் அறையை விட்டு வந்ததும் முதல் வேலையாக, ‘குடியிருப்புப் பகுதியில் நிற்பதைத் தனிமனித அந்தரங்கம் கருதி நீக்கலாம்’ என்று விதிகளில் ஒரு வரி இருப்பதைத் தேடிப் பிடித்தாள். தெருவையே அழித்தாள். புள்ளிகள், வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் போயின. அப்பாடா என்று ஒரு டீ வாங்கினாள்.

டீ ஆறுவதற்குள் தலைவர் அறையிலிருந்து சத்தம் வந்தது.

“புள்ளியம்மா, இங்க வாங்க. ரத்த தானத்தை விடுங்க, அது மேப் பிசகு போலிருக்கு. இதைப் பாருங்க. லாரி புறவழிச்சாலையில வருது. வருதா? இங்க மாயமாப் போயிடுது. ஒரு மணி நேரம் கழிச்சு அதே இடத்துல முளைக்குது. நடுவுல எங்க போச்சு?”

“சிக்னல் கிடைக்காம இருந்திருக்கும் சார்.”

“நாப்பது லாரிக்குமா? ஒரே இடத்துலயா?” தலைவர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். “கள்ளப் பாதை. வரைபடத்துல இல்லாத ஒரு பாதை. சரக்கை எங்கயோ இறக்கிட்டு வர்றாங்க. நம்ம ஆராய்ச்சி எங்க போய் முட்டியிருக்கு பாத்தீங்களா?”

பார்த்தாள். அப்பாவின் சட்டைக் காலர் வரை போய் முட்டியிருந்தது.

“எல்லை அதிகாரிங்களுக்குச் சொல்லிட வேண்டியதுதான். அடுத்த வாரம் ஆள் அனுப்பச் சொல்றேன். அதுக்கு முன்னாடி நாம ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துடலாம்.”

நம்பிப் பெட்டியை மாட்டிக்கொண்ட நாற்பது பேரும் இப்போது கடத்தல்காரர்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தவள் அவள். தலைமை வகித்தவர் அப்பா.

மறுநாள் அவள் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தாள். என்னதான் நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால், எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று முடிவு செய்யலாம்.

அவள் போர்த்திக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்ததும் அப்பாவுக்கு முகம் வெளுத்தது. நெற்றியில் கை வைத்தார்.

“சூடே இல்லையே.”

“உள்காய்ச்சல்ப்பா.”

“ஆபீஸ் போனா சரியாயிடும்.”

“காய்ச்சலோட எப்படிப்பா ஆபீஸ் போறது?”

“சும்மா சொன்னேன். படு, படு.”

சற்று நேரத்தில் அப்பா ஒரு சிவப்புத் துண்டைத் துவைத்தார். கொல்லைச் சுவர் மேல் காயப்போட்டார். காயும் முன்னே எடுத்தார், உதறினார், இன்னும் உயரமாகப் போட்டார். புள்ளியம்மா சன்னல் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவடியில் அத்தனை வருடம் சிவப்புக் கொடி பிடித்தவருக்குத் துண்டைக்கூட ஒழுங்காகக் காயப்போட வரவில்லையே என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் உறைத்தது.

மதியம் நெருங்கியது. புறவழிச்சாலையில் ஒரு லாரி வேகம் குறைந்தது. துண்டைப் பார்த்ததோ என்னவோ, சின்னதாக ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. அப்பா சன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டார். இன்னொரு லாரி. இன்னொரு ஹாரன். இன்னொரு பெருமூச்சு. ஒவ்வொரு ஹாரனுக்கும் அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

சாப்பிட உட்கார்ந்தபோது அவர் உள்ளே இருந்து ஒரு தட்டில் மலைபோல் சோறு கொண்டு வந்தார். அடுப்படியில் ஒரு துணி போட்டு மூடிய அண்டா, குழந்தை உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

“ரெண்டு பேருக்கு இவ்வளவாப்பா?”

“காய்ச்சல்காரிக்குத் தெம்பு வேணும்ல.”

சாப்பிட்டு முடித்ததும் மறுபடி போட்டார். பருப்பு பிரமாதமாக இருந்தது. அம்மா இருந்தவரை வெந்நீர் வைக்கத் தெரியாத அப்பா இதை எப்போது கற்றுக்கொண்டார் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டை அவள்தான் செய்வாள். அது எப்படி இருந்தாலும் அப்பா வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

“அப்பா, உங்களுக்கு ஏதாவது கஷ்டமா? எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லலாம்.”

“எனக்கென்ன கஷ்டம்?” அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “உன் ஆராய்ச்சி எப்படிப் போகுது?”

“போகுதுப்பா.”

“நல்லா போகுதா?”

“நல்லாத்தான் போகுது.”

“அப்புறம் என்ன” என்றார். அவர் முகத்தில் வந்த நிறைவைப் பார்த்ததும், இவர் தப்பு செய்திருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து மிச்ச நாள் முழுக்க நிஜமாகவே உடம்பு சுட்டது.

அடுத்த நாள் அலுவலகத்தில் தலைவர் எல்லோரையும் கூட்டியிருந்தார்.

“நேத்து ஒரு லாரிகூட மாயமாகலை. ஒண்ணுகூட. இதுக்கு என்ன அர்த்தம்? விஷயம் கசிஞ்சிருக்கு. நம்ம ஆபீஸ்லயே ஒரு ஆள் அவங்களுக்குத் தகவல் சொல்றாங்க.” ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “நேத்து இங்க யாரெல்லாம் இல்லை?”

புள்ளியம்மா கையைத் தூக்கினாள். “நான் சார். காய்ச்சல்.”

“அப்ப நீங்க இல்லை. நீங்கதான் ஆபீஸ் பக்கமே வரலையே” என்றார் தலைவர். “இருந்தவங்கள்ல ஒருத்தர்தான்.” பார்வை மேப்காரர் மேல் போய் நின்றது.

மேப்காரர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பதறினார். “சார், நான் பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியை விட்டே எழுந்திரிச்சதில்லை.”

“அதைத்தான் நானும் பாக்கறேன்” என்றார் தலைவர்.

ஒரு பாவமும் அறியாத மனிதரின் மூக்கு நுனி சிவந்ததைப் பார்த்தபோது புள்ளியம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “சார், நேர்ல போய்ப் பாத்துடலாம்னு சொன்னீங்களே. இன்னைக்கே போகலாம்” என்றாள்.

தலைவரின் காரில் மூவரும் போனார்கள். தலைவர் ஓட்ட, மேப்காரர் முன்னால் உட்கார்ந்து வழி சொன்னார். புறவழிச்சாலை வந்தது. தெரு பிரியும் இடம் வந்தது.

“இங்கதான் மாயமாகுது” என்றார் தலைவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு. “வண்டியை ஓரங்கட்டறேன். சத்தம் போடாம நடந்து போலாம்.”

“சார்” என்றாள் புள்ளியம்மா. “அது எங்க வீடு.”

“எது?”

“கள்ளப் பாதை.”

அவர்கள் கேள்வி கேட்பதற்குள் அவளே பேசினாள். புள்ளியைத் தள்ளிவைத்தது, தெருவை அழித்தது, காய்ச்சல் வராதது, மேப்காரர் மேல் தப்பில்லாதது எல்லாவற்றையும் கொட்டினாள். “உள்ள என்ன நடக்குதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது சார். ஆனா அவர் என் அப்பா. முதல்ல நான் போறேன்.”

பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனாள். இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

சுவரிலிருந்து ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டி நிழல் போட்டிருந்தது. அப்பால் காலி மனையில் மூன்று லாரிகள். நிழலில் பலகை போட்டு ஓட்டுநர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய மீசைக்காரர் ஒருவர் தொட்டியடியில் குந்தி, மற்றவர்களின் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நடுவில் அப்பா, இடுப்பில் துண்டும் கையில் கரண்டியுமாக, “இன்னொரு முட்டை வச்சுக்க, மலைப்பாதையில ஓட்டணும்ல” என்று ஒருவரை அதட்டிக்கொண்டிருந்தார்.

மகளைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றது. கரண்டி குறுக்கே நீட்டியபடி, சாவடித் தடுப்புக் கட்டை மாதிரி.

“காய்ச்சல் திரும்ப வந்துடுச்சா?” என்றார்.

“அப்பா, என்னப்பா இது?”

ஓட்டுநர்கள் தட்டிலிருந்து கையை எடுத்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், டை கட்டிய தலைவரைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார்.

“தனியா இருக்கேன்ல பாப்பா” என்றார். “நீ காலையில போனா பொழுது சாஞ்சுதான் வர்றே. பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்ல. இவங்கல்லாம் பழகின முகம். எல்லைகிட்ட சாப்பிட ஒண்ணும் கிடைக்காது, வெறும் பிஸ்கட்டுதான். அதான், வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கன்னேன். அவங்களும் சும்மா வர்றதில்லை. வெங்காயம், காய்னு ஏதாவது கொண்டு வந்து போடுவாங்க. உன்கிட்ட சொன்னா, அப்பாவைத் தனியா விட்டுட்டேனேன்னு மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லலை.”

புள்ளியம்மாவுக்கு ‘படுத்திருக்கேன்’ என்று போனில் கேட்ட ஒவ்வொரு மதியமும் ஞாபகம் வந்தது. மனுஷர் பேச ஆள் இல்லாமல் சாலையில் போகிற லாரியை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார். அதைப் போய் அவள் கடத்தல் என்று நினைத்தாள். ரத்த தானம் என்று நினைத்த தலைவராவது நல்ல மாதிரி நினைத்தார்.

தலைவர் பலகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அண்டாவை எட்டிப் பார்த்தார். ஒரு லாரியின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப, எல்லைக்கு லேட்டா வர்றதுக்குக் காரணம்…”

“பருப்பு சார்” என்றார் மேப்காரர்.

“புள்ளியம்மா, புள்ளியை நகர்த்தினது பெரிய தப்பு. உங்க மேல நடவடிக்கை எடுத்தே ஆகணும்.” தலைவர் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். டையைத் தூக்கித் தோள் மேல் போட்டுக்கொண்டார். “சாப்பிட்டுட்டு எடுக்கறேன்.”

அப்பா தட்டு வைத்தார். தலைவர் முதல் வாய் சாப்பிட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது வாய்க்குப் பிறகு, எல்லாப் புள்ளிகளையும் இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும், வைத்ததை மேப்காரர் சரிபார்க்க வேண்டும், சொந்த வீடு என்பதால் இந்தத் தெருவைப் பற்றி எழுதும் வேலை அவளுக்குக் கிடையாது என்றார். மூன்றாவது வாய்க்குப் பிறகு, எல்லை அதிகாரிகளுக்கு போன் செய்து, கள்ளப் பாதை இல்லை, ஏதோ கணக்குப் பிசகு என்று சொல்லிவிட்டார். மேப்காரரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து, அதற்குப் பதிலாகத் தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தார். மேப்காரர் அதை ஏற்றுக்கொண்டார்.

புள்ளியம்மா அப்பாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். “நீங்க உக்காருங்க. நான் போடறேன்.”

“உனக்கு அளவு தெரியாது பாப்பா.”

“போட்டுப் பழகிக்கறேன்பா. இனிமே வாரத்துல ரெண்டு நாளாவது மதியம் வீட்டுக்கு வந்துடறேன். உங்ககூட உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன்.”

“வா. வேலை கெடாம வா” என்றார் அப்பா. ஏனோ அவள் முகத்தைப் பார்க்காமல், தார்ப்பாயின் முடிச்சைச் சரிசெய்யப் போனார்.

சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். லாரிகள் உறுமத் தொடங்கின. மீசைக்காரர் கடைசித் தட்டையும் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி வந்தார். முக்கால் மணி நேரம் நிற்கும் பதினேழாம் எண் இவராகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கையெழுத்துப் போட்டிருப்பதால் கேட்கவில்லை.

“ரொம்ப நன்றிண்ணே” என்றாள். “நீங்கல்லாம் வந்து பேசிக்கிட்டிருக்கப் போய்த்தான் அப்பா இவ்வளவு தெம்பா இருக்கார். பாவம், பேச்சுத் துணைக்கு ஆளில்லாம ரொம்பத் தவிச்சிருக்கார்.”

மீசைக்காரர் புரியாமல் அவளைப் பார்த்தார்.

“உங்கப்பா எங்கேம்மா எங்ககூட பேசறாரு? சோத்தைப் போட்டுட்டு, லாரி லாரியா ஏறி, பெட்டியில விளக்கு எரியுதான்னுல்ல பாத்துக்கிட்டிருப்பாரு.”

“பெட்டியிலயா?”

அவர் லாரிப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்லும் சாதாரணக் குரலில் சொன்னார்:

“‘நாளைக்கு என் பொண்ணு நாப்பது பெட்டியோட வருவா, அவ பேசறது புரிஞ்சாலும் புரியலைன்னாலும் ஆளுக்கு ஒண்ணு வாங்கி மாட்டிக்குங்க, அவ ஆராய்ச்சி முடியற வரைக்கும் மதியச் சாப்பாடு என் வீட்ல’ன்னு ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாரும்மா.”